லிங்கன் முதல் மோனே அணை வரை: ஒரு விமானம் போன வழியில் ஐந்து நாள்

நாள் 1, லிங்கன்

மாமாவையும் கூட்டிக்கொண்டு போவதாக முதலில் திட்டம் இல்லை. மகளைப் பார்க்க லெஸ்டருக்கு வந்தவர் மூன்று வாரமாக வீட்டிலேயே அடைந்து கிடந்தார். "எங்கடா மாப்ளே கிளம்புறே?" என்றார். ஜெர்மனியில் ஒரு அணையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அவ்வளவுதான், பெட்டியை எடுத்துவிட்டார். மேட்டூர் அணையில் முப்பது வருஷத்துக்கு மேல் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்த மனிதர். போன வருஷம் பாரிஸ் போவதற்காக எடுத்த ஷெங்கன் விசா இன்னும் காலாவதியாகாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

நான் தேடிப் போவது அணையை மட்டும் அல்ல, ஏழு பேரை. 1943 மே 16-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஸ்காம்ப்டன் விமானதளத்திலிருந்து 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளை உடைக்கக் கிளம்பின. மொத்தம் 133 பேர். விடிவதற்குள் 8 விமானங்கள் அழிந்தன, 53 பேர் செத்தார்கள், 3 பேர் கைதானார்கள். அந்த எட்டில் ஒன்றின் அடையாள எழுத்து எம். ஓட்டியவர் ஜான் ஹாப்குட், வயது 21. அந்த ஒரு விமானத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. மனசு அதை விட்டு வரமாட்டேன் என்கிறது.

லிங்கன் ஊருக்குத் தெற்கே ஒரு குன்றின் மேல் குண்டுவீச்சுப் படையினருக்கான நினைவிடம் இருக்கிறது. துருப்பிடித்த நிறத்தில் ஒரு இரும்புக் கூர்தூண். உயரம் 102 அடி. லங்காஸ்டரின் இரு இறக்கைகளின் முனைக்கு முனை நீளம் அதுதான். அதைச் சுற்றி வளைவு வளைவாக, அதே நிறத்தில் இரும்புச் சுவர்கள். ஒவ்வொன்றிலும் பெயர்கள் துளைத்து வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 58,000 பெயர்கள். சூரியன் சுவருக்குப் பின்னால் போகும்போது எழுத்துகளின் வழியாக வெளிச்சம் வருகிறது.

ஹாப்குட் பெயரைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. பதவி இல்லை, விருது இல்லை, பெயர் மட்டும். மாமா விரலை அந்த எழுத்துக்குள் விட்டுப் பார்த்தார்.

அங்கே இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். இந்தப் படையில் 35-ஆம் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுக்கு மதராஸ் மாகாணத்தின் பெயர், 102-ஆம் ஸ்குவாட்ரனுக்கு இலங்கையின் பெயர். அணை தாக்குதலில் அவை இல்லை. ஆனால் இந்தச் சுவரில் அந்த ஸ்குவாட்ரன்களின் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். "நம்ம மெட்ராஸா?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் ஒன்றும் பேசாமல் நடந்தார்.

குன்றிலிருந்து பார்த்தால் எதிரே லிங்கன் தேவாலயம். போர்க்காலத்தில் திரும்பி வரும் விமானிகளுக்கு அந்தக் கோபுரங்கள்தாம் அடையாளம். அது கண்ணில் பட்டால் வீடு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நாள் 2, ஸ்காம்ப்டன், கிழக்கு கிர்க்பி

ஸ்காம்ப்டன் தளத்தை 2023-இல் விமானப்படை மூடிவிட்டது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். 1943-இல் இங்கே ஓடுபாதை வெறும் புல்தரை. அன்றிரவு 9.39 மணிக்கு மூன்று விமானங்கள் ஒன்றாக அந்தப் புல்லில் ஓடி மேலே ஏறின. நடுவில் படைத் தலைவர் கை கிப்சன், வயது 24. ஹாப்குட்டும் மார்ட்டினும் இரு பக்கத்தில். கிளம்பும் முன் சக விமானி ஷானனிடம், தான் திரும்பி வருவேன் என்று தோன்றவில்லை என்று ஹாப்குட் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள், அதை என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

மதியம் கிழக்கு கிர்க்பி. இதற்குத்தான் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்திருந்தேன். பான்டன் என்ற பண்ணைக் குடும்பத்துச் சகோதரர்கள் பிரெட், ஹரால்டு இருவரும் தங்கள் அண்ணன் கிறிஸ்டோபரின் நினைவாக உருவாக்கிய இடம். 1944 மார்ச் 30 இரவு நியூரம்பெர்க் தாக்குதலுக்குப் போன கிறிஸ்டோபர் திரும்பவில்லை. அந்த ஓரிரவில் மட்டும் 95 விமானங்கள் திரும்பவில்லை. தம்பிகள் பெரியவர்களானதும், பழைய விமானதளம் இருந்த நிலத்தில் ஒரு லங்காஸ்டரை வாங்கி நிறுத்தினார்கள். 7,377 லங்காஸ்டர்கள் கட்டப்பட்டன. இன்று பறக்கும் நிலையில் இருப்பவை இரண்டு. இவர்களுடையது பறப்பதில்லை, ஆனால் நான்கு எஞ்சினும் ஓடும். தரையில் ஓட்டிக் காட்டுகிறார்கள், நம்மை உள்ளே உட்கார வைத்தே.

எனக்கு ரேடியோக்காரர் இருக்கை கிடைத்தது. அதைக் கேட்டுத்தான் வாங்கினேன். ஹாப்குட் விமானத்தில் அந்த இடத்தில் இருந்தவர் ஜான் மின்சின்.

எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. முதலில் ஒரு இருமல், நீலப் புகை, அப்புறம் காது முழுக்க ஒரே முழக்கம். நாலாவது எஞ்சினும் சேர்ந்தபோது தகரச் சுவர், மேசை, என் பல் எல்லாம் ஒரே அதிர்வில் ஆடின. விமானப் பயணம் என்றால் நமக்கு மனசில் வருகிற மெத்தை, ஜன்னல் எல்லாம் இங்கே கிடையாது. நாலு பக்கமும் வெறும் உலோக எலும்பு. சட்டைக் கை எதிலாவது மாட்டிக்கொண்டே இருக்கிறது.

என் முதுகுக்குப் பின்னால்தான் அது இருந்தது. இரண்டு இறக்கைகளையும் தாங்கும் பெரிய உலோக விட்டம் விமானத்தின் குறுக்கே, தொடை உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் மாதிரி போகிறது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கக் கதவுக்குப் போக வேண்டுமானால் அதன் மேல் ஏறி, குனிந்து, உடம்பைச் சுருட்டி மறுபக்கம் இறங்க வேண்டும். எஞ்சின் நின்ற பிறகு நான் அதைத் தாண்டினேன். இரண்டு காலும் நன்றாக இருக்கிற ஆள், நல்ல வெளிச்சம், அவசரமே இல்லை. இருந்தும் முழங்கால் இடித்து, தலை இடித்து, மறுபக்கம் போகத் திணறினேன்.

மின்சின் இதை ஒரு கால் சிதைந்த நிலையில் தாண்டினார். இருட்டில், எரிகிற விமானத்தில், தன் பாராசூட்டையும் இழுத்துக்கொண்டு.

கடைசியில் வால் இயந்திரத் துப்பாக்கிக் கூண்டு வரை போனேன். அதற்குள் ஒரு ஆள் உட்காரலாம், அவன் பாராசூட்டுக்கு இடம் கிடையாது. அதைக் கூண்டுக்கு வெளியே மாட்டி வைத்திருப்பார்கள். குதிக்க வேண்டுமானால் முதலில் கூண்டை நேராகத் திருப்ப வேண்டும், கதவைத் திறந்து விமானத்துக்குள் வர வேண்டும், பாராசூட்டை எடுத்து மார்பில் மாட்ட வேண்டும். அப்புறம்தான் குதிப்பது. ஆஸ்திரேலியரான டோனி பர்ச்சர் உட்கார்ந்திருந்த இடம் இது.

மாமா கீழே புல்லில் நின்றுகொண்டிருந்தார். "சத்தத்துல நெஞ்சு கிடுகிடுன்னு ஆடுதுடா. இதுக்குள்ள ஏழு பேரா?" என்றார்.

சாயங்காலம் ஹம்பர் பாலத்தைத் தாண்டி ஹல் துறைமுகம். இரவுக் கப்பலில் காரையும் ஏற்றியாயிற்று.

நாள் 3, வட கடல், மார்பெக், மோனே ஏரி

கப்பலில் தூக்கம் வரவில்லை. மேல்தளத்தில் காற்று பிய்த்து எடுத்தது. நிலா இருந்தது. அவர்களுக்கும் நிலா தேவைப்பட்டது, அதனால்தான் அந்த நாள். மே மாதம் அணைகள் நிரம்பியிருக்கும், அதுவும் காரணம். எதிரியின் ரேடாருக்குத் தப்ப இந்தக் கடலைத் தண்ணீரை உரசுவதுபோல் தாழப் பறந்து கடந்தார்கள். என் கப்பலின் புகைபோக்கியைவிடத் தாழ்வாக நாலு எஞ்சின் விமானம் போவதை நினைத்துப் பார்க்க முயன்றேன்.

காலையில் ராட்டர்டாமில் இறங்கி ஜெர்மனி எல்லை தாண்டினோம். வலது பக்கம் ஓட்டுவது எனக்கு எப்போதும் கை நடுங்கும் வேலை, அதனால் மெதுவாகவே போனேன்.

மார்பெக் அருகே வயல்களுக்கு நடுவில் உயர் அழுத்த மின்கம்பங்கள் வரிசையாக நின்றன. அன்றிரவு வில்லியம் அஸ்டல் என்பவரின் விமானம் இங்கே ஒரு மின்கோபுரத்தில் மோதி எரிந்து விழுந்தது. ஏழு பேரும் இறந்தார்கள். ஹால்டெர்ன் பக்கத்தில் பார்லோவின் விமானமும் மின்கம்பியில்தான் சிக்கியது, அங்கேயும் ஏழு பேர். ரேடாருக்குத் தப்பத் தாழப் பறந்தவர்களைக் கம்பி பிடித்துக்கொண்டது. மாமா காரை நிறுத்தச் சொல்லி இறங்கி அந்தக் கம்பிகளை அண்ணாந்து பார்த்தார். "இருட்டுல இது கண்ணுக்கே தெரியாது" என்றார்.

டூல்மென் என்ற ஊரைத் தாண்டினோம். அதன் பக்கம் எங்கேயோதான் ஹாப்குட்டின் விமானத்தைக் கீழிருந்து சுட்டார்கள். ஹாப்குட்டுக்குத் தலையில் காயம். எஞ்சினியர் சார்லி பிரென்னன் பக்கத்தில் நின்று துணியால் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மின்சினின் கால் போனதும் அப்போதுதான். முன்பக்கத் துப்பாக்கிக்காரர் கிரிகோரியிடமிருந்து பதில் வரவில்லை. திரும்பிப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹாப்குட் அணையை நோக்கியே போனார்.

இரவு ஏரிக்கரையில் ஒரு சின்ன விடுதி. நான் ஜன்னல் பக்கம் படுத்தேன்.

நாள் 4, அணை, நேஹைம்

விடிகாலையிலேயே மாமா எழுந்து அணைக்குப் போய்விட்டார். நான் போனபோது சுவரின் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1913-இல் கட்டி முடித்த அணை. கல் சுவர், ஏரிப் பக்கம் லேசாக வளைந்திருக்கிறது. 650 மீட்டர் நீளம், 40 மீட்டர் உயரம். சுவரின் மேல் இரண்டு கோபுரங்கள். மேட்டூரில் வேலை பார்த்தவருக்கு இது சின்ன அணைதான், ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. கல் கட்டுமானத்தைத் தடவிப் பார்த்து, "நல்ல வேலை" என்றார்.

எப்படி உடைத்தார்கள் என்று அவருக்கு விளக்கினேன். தண்ணீருக்குள் டார்பிடோ வராமல் வலை கட்டியிருந்தார்கள். அதனால் பார்ன்ஸ் வாலிஸ் என்ற பொறியாளர், தண்ணீர் மேல் தத்திப் போகும் குண்டு ஒன்றை யோசித்தார். நாம் குளத்தில் ஓட்டாஞ்சில்லு வீசுவோமே, அது மாதிரி. நாலு டன் எடையுள்ள உருளை, நிமிஷத்துக்கு 500 சுற்று பின்னோக்கிச் சுழல வைத்து விட வேண்டும். தத்தித் தத்தி வலையைத் தாண்டி, சுவரில் முட்டி, சுவரை ஒட்டியே கீழே இறங்கி, ஆழத்தில் வெடிக்கும். தண்ணீரே சுவரைத் தள்ளும். இதற்கு விமானம் சரியாக 60 அடி உயரத்தில் வர வேண்டும். நெடுந்தென்னை ஒன்றின் உயரம்! விமானத்தின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்வாகக் கட்டி, இரண்டு வெளிச்சமும் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டால் 60 அடி என்று கணக்கு வைத்தார்கள். தூரத்துக்கு மரத்தால் செய்த ஒரு கவட்டை, அதன் இரு நுனியிலும் ஆணி. கண்ணை அடியில் வைத்துப் பார்த்தால் இரண்டு ஆணியும் அணையின் இரண்டு கோபுரத்தோடு பொருந்தும் நொடியில் குண்டை விட வேண்டும்.

மாமா உடனே இரண்டு விரலைக் கவட்டை மாதிரி விரித்துக் கண்ணருகே வைத்துக் கோபுரங்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஹாப்குட் விமானத்தில் மூக்குப் பகுதியில் படுத்து இப்படிப் பார்த்தவர் கனடாக்காரர் ஜான் ஃபிரேசர்.

முதலில் கிப்சன் போனார், சுவர் அசையவில்லை. இரண்டாவது ஹாப்குட், மணி 12.34 வாக்கில். முதல் விமானத்தைப் பார்த்துவிட்டதால் கோபுரத்துப் பீரங்கிகள் இப்போது தயாராக இருந்தன. இறக்கை தீப்பிடித்தது. குண்டு ஒரு கணம் தாமதமாக விழுந்து, சுவரைத் தாண்டிக் குதித்து, கீழே இருந்த மின் நிலையத்தின் மேல் வெடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இவ்வளவு தூரம் இழுத்து வந்தது. ஹாப்குட், மற்றவர்கள் குதிக்க உயரம் வேண்டும் என்பதற்காக, எரியும் விமானத்தை மேலே இழுத்தார். 500 அடி வரை வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. பர்ச்சரின் வால்கூண்டுக்கு மின்சாரமோ எண்ணெய் அழுத்தமோ இல்லை, கையால் சுற்றிச் சுற்றித் திருப்பி உள்ளே வந்தார். அங்கே மின்சின் தரையில் தவழ்ந்து வந்துகொண்டிருந்தார். பர்ச்சர் அவருடைய பாராசூட் வளையத்தைத் தன் கையில் பிடித்துக்கொண்டு, அவரைக் கதவு வழியாக வெளியே தள்ளினார். பாராசூட் விரியட்டும் என்று. பிறகு ஹாப்குட்டிடம் பேச ஒயரைச் சொருகினார். வெளியே போ என்று ஹாப்குட் கத்தியது கேட்டது. வெடிப்பு பர்ச்சரை வெளியே எறிந்தது. வால் சிறகில் அடிபட்டு முதுகெலும்பு முறிந்தது, ஆனால் உயிர் இருந்தது. முன்பக்கக் கதவு வழியாக ஃபிரேசரும் தப்பினார். மின்சின் பிழைக்கவில்லை.

மேலே சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து மார்ட்டின் போனபோது கிப்சன் தன் விமானத்தையும் பக்கத்தில் ஓட்டிப் போனார், பீரங்கிகள் பிரிந்து சுடட்டும் என்று. அடுத்தடுத்து வந்த விமானிகள் யங்கின் குண்டும் மால்ட்பியின் குண்டும் விழுந்த பிறகு சுவர் போயிற்று. ஏறக்குறைய 76 மீட்டர் அகல ஓட்டை.

விமானம் விழுந்த ஓஸ்டோனன் வடக்கே சில கிலோமீட்டர். போனோம். கோதுமை வயல், ஒரு சின்ன ஊர், அதன் தேவாலயத்தில் உலகின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று இன்னும் வாசிக்கப்படுகிறது. வயலோரம் கொஞ்ச நேரம் நின்றோம்.

மதியம் ஆற்றோடு கீழே போனோம். இந்தப் பகுதியை எழுதுவது கஷ்டம், ஆனால் எழுதாமல் விட்டால் நான் வந்ததே தப்பு.

அணைக்குக் கீழே, ஹிம்மெல்ஃபோர்டன் என்ற இடத்தில் பழைய மடத்துத் தேவாலயம் இருந்தது. தண்ணீர் வருவதை அறிந்த பாதிரியார் மணியை அடித்துக்கொண்டே இருந்தார். தேவாலயமும் போயிற்று, அவரும் போனார். இன்னும் கீழே நேஹைம். ஆற்றங்கரைப் புல்வெளியில் கட்டாய உழைப்பு முகாம் ஒன்று இருந்தது. சோவியத் நாட்டிலிருந்து, அதிலும் உக்ரைனிலிருந்து பிடித்துக்கொண்டு வந்த பெண்கள் அதில் இருந்தார்கள். மரக் குடிசைகள், பூட்டிய வேலி. அலை அப்படியே அடித்துக்கொண்டு போயிற்று. மோனே வெள்ளத்தில் இறந்த ஏறத்தாழ 1,300 பேரில் பாதிக்கு மேல் இப்படி வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள்.

மாமா அதுவரை என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே வந்தவர், இங்கே நின்றுவிட்டார். "சைரன் ஊதலையா?" என்றார். அப்புறம் அவரே சொன்னார்: "நாங்க 120 அடி ரொம்பி 16 கண் மதகைத் தொறக்கறதுக்கு முன்னால, கரையோர ஊருக்கெல்லாம் தண்டோரா போடாம ஷட்டர் மேல கை வைக்க மாட்டோம். கலெக்டர் ஆபீசுக்குச் சொல்லி, சலவைத் துறைக்கு ஆள் அனுப்பி, ஆடு மாடு ஏறிடுச்சான்னு பாத்து. ஒரு ராத்திரி ஒருத்தன் ஆத்துக்குள்ள பரிசல்ல தூங்கிட்டான்னு ஒரு மணி நேரம் நிறுத்தி வெச்சிருந்தோம்டா."

ஆற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் இருந்தது. அவர் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நனைத்தார். ஹாப்குட்டை நான் மனசார மதிக்கிறேன், நேற்றும் இன்றும். அந்தப் பெண்களின் பெயர்கள் லிங்கன் சுவரில் மாதிரி ஒளி வரும் எழுத்தில் எங்கேயாவது வெட்டப்பட்டிருந்தால் தேவலை என்றும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்தேதான் இருந்தன. இரவு சாப்பாடு இறங்கவில்லை.

உடைந்த அணையை அதே செப்டம்பருக்குள் ஜெர்மானியர் கட்டி முடித்துவிட்டார்கள். அதற்கும் கட்டாயத் தொழிலாளர்கள்தாம்.

நாள் 5, ரைன்பெர்க்

திரும்பும் வழியில் ரைன்பெர்க் போர்க் கல்லறை. 3,300-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் விமானப் படையினர். ரூர் பகுதியில் அங்கங்கே புதைத்திருந்தவர்களைப் போருக்குப் பிறகு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். வெள்ளைக் கற்கள், ஒரே உயரம், ஒவ்வொன்றின் அடியிலும் பூச்செடி. புல் அப்போதுதான் வெட்டியிருந்தார்கள், அந்த வாசனை எங்கும் இருந்தது.

பதிவேட்டில் எண் பார்த்துப் பதினேழாவது பகுதிக்குப் போனோம். ஹாப்குட். பிரென்னன். விமானத்துக்கு வழி கணித்துச் சொன்ன எர்ன்ஷா, அவர் கல்லில் கனடா விமானப்படைச் சின்னம். கிரிகோரி. மின்சின்.

மாமா எண்ணிப் பார்த்தார். "அஞ்சுதான் இருக்கு. மீதி ரெண்டு பேரு?"

"பொழச்சுட்டாங்க மாமா. பர்ச்சரும் ஃபிரேசரும். போர் முடியற வரைக்கும் கைதி முகாம்ல இருந்தாங்க. ஃபிரேசர் ஊருக்குப் போய் முதல் பையன் பொறந்ததும் ஜான் ஹாப்குட் ஃபிரேசர்னு பேரு வெச்சார்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்சம் பொறுத்து, "காலு போனவர வெளிய தள்ளிவிட்டாங்களே, அவரு எது?" என்று கேட்டார்.

காட்டினேன். மாமா குனிந்து, வெட்டிய புல் ஒட்டியிருந்த அந்தக் கல்லை உள்ளங்கையால் மேலிருந்து கீழே ஒரு தடவை துடைத்துவிட்டார். அப்புறம் மற்ற நாலையும் அதே மாதிரி துடைத்தார். நான் வாசலில் இருந்த வருகைப் பதிவை எடுத்து வந்து பேனாவை நீட்டினேன். பெயரைத் தமிழிலேயே எழுதினார். ஊர் என்ற இடத்தில், மேட்டூர் அணை.

கப்பல் இரவு எட்டரைக்கு. ராட்டர்டாம் போக மூன்று மணி நேரத்துக்குள் ஆகிவிடும் என்றேன். "இன்னும் செத்த நேரம் இருந்துட்டுப் போலாம்" என்று சொல்லி, அங்கே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.